அடிஸ் அபாபாவில் இன்று என்ன நாள்?

எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவைப் பற்றிய பயணக் குறிப்புகளைப் படித்தால் எல்லாம் ஒரே அச்சில் வார்த்ததுபோல இருக்கும். தேசிய அருங்காட்சியகத்தில் 'லூசி' என்ற ஆதி மனித மூதாதையின் எலும்புகளைப் பாருங்கள், மெர்க்காட்டோ சந்தையில் பையைக் கவனமாகப் பிடித்துக்கொள்ளுங்கள், எண்டோட்டோ மலையில் ஏறி நகரத்தைப் பாருங்கள், ஒரு மாலை நாட்டுப்புற நடனம் ஆடும் உணவகத்தில் இன்ஜெரா சாப்பிடுங்கள். இரண்டு நாளில் பட்டியல் தீர்ந்துவிடும். அப்புறம் அடுத்த ஊருக்கு விமானம். போய்வந்தவர்களில் பலர் "பார்க்கப் பெரிதாக ஒன்றுமில்லை, ஒரே கட்டுமானத் தூசி" என்று சொல்வதற்கு இந்தப் பட்டியல்தான் காரணம்.

அவர்கள் பொய் சொல்லவில்லை. 1886இல் இரண்டாம் மெனெலிக்கும் அரசி தாய்த்துவும் நிறுவிய இந்த ஊரில் பழங்கோட்டைகளோ ஆயிரமாண்டுக் கோயில்களோ கிடையாது. வெந்நீர் ஊற்றுக்காக அரசி தேர்ந்தெடுத்த இடம் என்பார்கள். கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,400 மீட்டர் உயரம். முதல் நாள் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். ஆனால் இந்த ஊரை எந்தத் தேதியில் பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்து அது முற்றிலும் வேறு ஊராகிவிடும். ஒரு புதன்கிழமை தெருவிலுள்ள பாதி உணவகங்களில் இறைச்சி கிடைக்காது. சில வாரம் கழித்து அதே தெருவில் வீட்டுக்கு வீடு ஆடு கட்டியிருப்பார்கள். ஒரு செப்டம்பர் மாலையில் நகரின் மிகப் பெரிய சாலைச் சந்திப்பை மூடிவிட்டு நடுவில் தீ வளர்ப்பார்கள். ஆகவே அடிஸ் அபாபா போகிறவர் முதலில் திறக்க வேண்டியது வரைபடத்தை அல்ல, நாள்காட்டியை. அதுவும் அவர்களுடைய நாள்காட்டியை.

அந்த நாள்காட்டியில் 13 மாதங்கள். பன்னிரண்டு மாதங்களுக்குச் சரியாக முப்பது நாள். மிஞ்சும் ஐந்து நாளுக்குப் பகுமே என்று தனியாக ஒரு குட்டி மாதம். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை அதற்கு ஆறு நாள். புத்தாண்டு செப்டம்பர் 11இல் பிறக்கும், சில ஆண்டுகளில் 12இல். ஆண்டு எண் நம் காலண்டரைவிட ஏழு அல்லது எட்டு குறைவாக இருக்கும். இயேசு பிறந்த ஆண்டைக் கணித்ததில் அலெக்சாண்ட்ரிய மரபும் ரோமானிய மரபும் வேறுபட்டதால் வந்த இடைவெளி இது. உலகம் 2000த்தைக் கொண்டாடி ஏழு ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகு, 2007 செப்டம்பர் 12 அன்று இந்த ஊர் தன்னுடைய 2000த்தை வாணவேடிக்கையோடு கொண்டாடியது.

மணிக்கணக்கும் வேறு. சூரியன் உதிக்கும் நேரத்திலிருந்து எண்ணுகிறார்கள், நம் பழைய நாழிகைக் கணக்கைப் போல. காலை ஏழு அவர்களுக்கு ஒரு மணி. நண்பகல் ஆறு மணி. நிலநடுக்கோட்டுக்குப் பக்கமாக இருப்பதால் ஆண்டு முழுவதும் உதயம் அதிகம் நகர்வதில்லை, அதனால் இந்த முறை அவர்களுக்குச் சிக்கல் தராது. சிக்கல் நமக்குத்தான். கார் ஓட்டுநர் "இரண்டு மணிக்கு வருகிறேன்" என்றால் காலை எட்டு மணிக்கு வாசலில் நிற்பார். "ஹபேஷா மணியா, ஃபெரஞ்ச் மணியா?" என்று கேட்டுக்கொள்வது நல்லது. ஹபேஷா என்றால் உள்ளூர். ஃபெரஞ்ச் என்றால் வெளிநாட்டார். விமான நிலையமும் பெரிய ஹோட்டல்களும் நம் மணியில்தான் இயங்கும். பேருந்து, சந்திப்பு, தேவாலயம் எல்லாம் அவர்கள் மணி.

இன்னொரு நுணுக்கம். மெஸ்கெல் பண்டிகை செப்டம்பர் 27, திம்கத் ஜனவரி 19 என்று இணையத்தில் போட்டிருப்பார்கள். பகுமே மாதத்துக்கு ஆறு நாள் வந்த ஆண்டுக்கு அடுத்து இவை இரண்டும் ஒரு நாள் தள்ளிப்போகும். 2024இல் திம்கத் ஜனவரி 20இல்தான் வந்தது. 2028இலும் அப்படித்தான் வரும். விமானச்சீட்டை ஒரு நாள் முன்கூட்டி எடுத்துவிட்டால் விழாவன்று வேறு ஊரில் இருப்பீர்கள்.

விரத நாளில் சாப்பாடு

எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவத்தில் விரதம் என்பது பக்திமான்கள் சிலர் மட்டும் கடைப்பிடிக்கும் ஒன்று அல்ல. சாதாரண விசுவாசிக்கே ஆண்டில் சுமார் 180 நாள் விரதம். குருமார்களுக்கு 250 வரை போகும். இறைச்சி மட்டும் விலக்கு என்று நினைக்க வேண்டாம். பால், வெண்ணெய், முட்டை எதுவும் கூடாது. கண்டிப்பாக இருப்பவர்கள் பிற்பகல் வரை தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். ஈஸ்டருக்கு முன் 55 நாள். கிறிஸ்துமஸுக்கு முன் நவம்பர் இறுதியில் தொடங்கும் நீண்ட விரதம். ஆகஸ்டில் மரியாளுக்காக ஃபில்செடா என்ற இரண்டு வாரச் சொச்சம். இவை போக, ஈஸ்டருக்குப் பிறகு வரும் ஐம்பது நாள் நீங்கலாக, ஒவ்வொரு புதனும் வெள்ளியும்.

இது ஊரின் பொருளாதாரத்தையே ஆட்டிவைக்கும். நீண்ட விரதத்தின்போது லுகாண்டா எனப்படும் இறைச்சிக் கடைகளில் பல இழுத்து மூடப்படும். பால் விற்பனை படுத்துவிடும். கேக் கடைகளில் வெண்ணெயும் முட்டையும் இல்லாத விரதக் கேக் வந்துவிடும். உணவகத்தில் உட்கார்ந்ததும் பரிமாறுபவர் கேட்கும் முதல் கேள்வி "ட்ஸோமா, ஃபிஸ்கா?" என்பதுதான். விரதச் சாப்பாடா, விருந்துச் சாப்பாடா என்று அர்த்தம். நம்மூர் சைவர்களுக்கு ஆப்பிரிக்காவில் இதைவிட வசதியான ஊர் கிடைப்பது கடினம். "ட்ஸோம் பெயாய்நெத்து" என்று கேட்டால் போதும். பரந்த இன்ஜெராவின் மேல் பருப்பு, கடலைமாவில் செய்த ஷிரோ, கீரை, கோஸும் கேரட்டும், பீட்ரூட், சாலட் என்று வட்ட வட்டமாக வைத்துக் கொண்டுவருவார்கள். இன்ஜெரா என்பது டெஃப் என்ற பொடித் தானியத்தை அரைத்து, மூன்று நாள்போலப் புளிக்கவைத்து, ஒரு பக்கம் மட்டும் வேகவைத்த பெரிய தோசை என்று வைத்துக்கொள்ளலாம். புளிப்பு மட்டும் நாம் பழகியதைவிடக் கூடுதல். விரதமில்லாத நாளில் ஷிரோவிலும் வெண்ணெய் சேரும். "போசெனா ஷிரோ" என்று பட்டியலில் பார்த்தால் சைவர்கள் விலகிவிடுங்கள், அதில் இறைச்சித் துண்டு உண்டு.

வலது கையால், ஒரே தட்டிலிருந்து, கூட்டமாகச் சாப்பிடுவார்கள். பக்கத்தில் இருப்பவர் ஒரு கவளத்தைச் சுருட்டி உங்கள் வாயில் ஊட்டவும் செய்வார். அதற்குக் குர்ஷா என்று பெயர். மறுத்தால் முகம் வாடிவிடும். ஒரு வாய் வாங்கிக்கொண்டு திருப்பி ஒரு வாய் ஊட்டுவதுதான் மரியாதை.

இப்படி 55 நாள் அடக்கி வைத்ததெல்லாம் ஃபசிகா எனப்படும் ஈஸ்டர் இரவில் உடைகிறது. அதற்கு முந்தைய வாரமே சாலையோரங்களில் ஆட்டுச் சந்தை கூடிவிடும். சிற்றுந்தின் கூரையில் ஆடு, ஆட்டோவின் பின் இருக்கையில் ஆடு, தோளில் தலைகீழாகக் கோழி. சனி இரவு முழுக்கத் தேவாலயத்தில் வெள்ளை உடை அணிந்த கூட்டம். அதிகாலை மூன்று மணிவாக்கில் வீடு திரும்பி, முழு முட்டை போட்ட காரமான டோரோ வாட் என்ற கோழிக் குழம்போடு விரதத்தை முடிப்பார்கள். அன்று காலை தெருமுனைகளில் ஆட்டுத்தோல்கள் குவிந்து கிடக்கும், அவற்றை விலைபேசி வாங்க ஆட்கள் கூவிக்கொண்டு வருவார்கள். பார்ப்பதற்குக் கொஞ்சம் மனத்திடம் வேண்டும். ஆனால் ஃபசிகா வீட்டுப் பண்டிகை. அழைக்க ஒரு குடும்பம் இல்லாத பயணிக்கு அன்றைய அடிஸ் அபாபா கதவடைத்த ஊர்தான். வெளியூர்க்காரர் தனியாக வந்து பார்ப்பதற்கேற்ற விழாக்கள் என்று நான் சொல்வது தெருவில் நடக்கும் இரண்டைத்தான்: மெஸ்கெல், திம்கத்.

ஒரே சதுக்கம், பல சொந்தக்காரர்கள்

மெஸ்கெல் என்றால் சிலுவை. நான்காம் நூற்றாண்டில் ரோமப் பேரரசி ஹெலெனா, இங்கே எலெனி, இயேசு அறையப்பட்ட சிலுவையைத் தேடியபோது, கனவில் வந்த கட்டளைப்படி தீ மூட்டினாராம். புகை மேலே போய் வளைந்து சிலுவை புதைந்த இடத்தைத் தொட்டுக் காட்டியதாம். அந்தத் தீயைத்தான் செப்டம்பர் 26 மாலை மெஸ்கெல் சதுக்கத்தில் மீண்டும் மூட்டுகிறார்கள். நீண்ட கழிகளைக் கூம்பாகக் கட்டி, உச்சியில் ஒரு சிலுவை வைத்து, மஞ்சள் நிற அதேய் அபெபா பூக்களால் அலங்கரித்த கம்பத்துக்கு டெமெரா என்று பெயர். மழைக்காலம் முடியும் இந்தச் சில வாரங்களில் மட்டும் மேட்டுநிலம் முழுவதும் பூக்கும் பூ அது. தலைமைக் குரு ஆசீர்வதித்ததும் தீவைப்பார்கள். எரியும் கம்பம் எந்தத் திசையில் சாய்கிறது என்று ஆயிரக்கணக்கானோர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதை வைத்து வரும் ஆண்டைப் பற்றிக் குறி சொல்வது வழக்கம். மறுநாள் சாம்பலை எடுத்து நெற்றியில் சிலுவைக்குறி இட்டுக்கொள்வார்கள். 2013இல் யுனெஸ்கோ இந்த விழாவைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

தீ எரிவது சில மணி நேரம். அதற்கு முன் பிற்பகல் முழுக்க நடக்கும் ஊர்வலம்தான் என் கணக்கில் பெரிய விஷயம். ஒவ்வொரு வட்டாரத்தின் ஞாயிறுப் பள்ளி மாணவர்களும் நிறநிறமான அங்கிகளில் வருவார்கள். தெப்தெரா எனப்படும் பாடகர்கள் நீண்ட கைத்தடியும் வெள்ளிக் கிலுகிலுப்பையும் ஏந்தி, கெபெரோ முரசின் தாளத்துக்கு மெதுவாகச் சாய்ந்து சாய்ந்து ஆடுவார்கள். ஆறாம் நூற்றாண்டின் யாரேத் முனிவர் வகுத்ததாகச் சொல்லப்படும் இசை அது. சதுக்கமே அரைவட்டப் படிக்கட்டுகளாக அமைந்திருப்பதால் பார்ப்பதற்கு வசதி. ஆனால் மதியத்துக்கு மேல் நுழைவது கஷ்டம். பாதுகாப்புச் சோதனை பல அடுக்கு. லைட்டரும் கத்தியும் வைத்திருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

மெஸ்கெலுக்கு இன்னொரு முகம் உண்டு, அதைப் பார்க்கப் பேருந்து நிலையத்துக்குப் போக வேண்டும். அடிஸ் அபாபாவின் வணிகத்தில் பெரும்பங்கு தெற்கிலிருந்து வந்த குராகே மக்களுடையது. ஷூ பாலிஷ் போடும் பையன் முதல் மெர்க்காட்டோவின் மொத்த வியாபாரி வரை அவர்களைக் காணலாம். ஆண்டு முழுவதும் கடையைவிட்டு நகராதவர்கள் மெஸ்கெலுக்கு மட்டும் சொந்த ஊர் போயே தீருவார்கள். பேருந்துகள் நிரம்பி வழியும், கட்டணம் ஏறும், சந்தையின் பல சந்துகள் வெறிச்சோடும். ஊரில் மசாலா வெண்ணெய் ஊற்றிய பச்சை மாட்டிறைச்சிக் கொத்து, கித்ஃபோ, காத்திருக்கும். கூடவே என்செட் செடியின் தண்டிலிருந்து எடுத்த மாவில் சுட்ட கொச்சோ ரொட்டி. நகரம் தீ மூட்டும் அதே இரவில் நகரத்தின் கடைக்காரர்கள் நகரத்தில் இல்லை. ஆகவே மெஸ்கெல் வாரத்தில் மெர்க்காட்டோவைப் பார்த்துவிடலாம் என்று திட்டம் போடாதீர்கள்.

இந்தச் சதுக்கத்தின் பெயரும் சும்மா வந்ததல்ல. 1974இல் பேரரசர் ஹைலே செலாசியை வீழ்த்திய டெர்க் ராணுவ ஆட்சி இதைப் புரட்சிச் சதுக்கம் ஆக்கி, அணிவகுப்பு மைதானமாகப் பயன்படுத்தியது. 1991இல் அந்த ஆட்சி விழுந்தபின் பழைய பெயர் திரும்பியது. 2021இல் அடியில் வாகன நிறுத்துமிடம் கட்டிச் சதுக்கத்தைப் புதுப்பித்தார்கள். விடியற்காலையில் போனால் படிக்கட்டு வரிசைகளில் இளைஞர்கள் ஓடிப் பயிற்சி எடுப்பதைப் பார்க்கலாம். நவம்பரில் நடக்கும் கிரேட் எத்தியோப்பியன் ரன் ஓட்டமும் இந்தப் பகுதியில்தான் கூடும். 2001இல் ஓட்டவீரர் ஹைலே கெப்ரெசெலாசி தொடங்கிவைத்த பத்து கிலோமீட்டர் ஓட்டம் அது. பல்லாயிரம் பேர் ஒரே நிறச் சட்டையில் ஓடுவது ஒரு மதச்சார்பற்ற திருவிழா என்றே சொல்லலாம். ரம்ஜான் தொழுகைக்கு ஸ்டேடியம் நிரம்பி வழியும்போது முஸ்லிம்களின் வரிசைகள் சதுக்கம் வரை நீளும்.

மெஸ்கெல் முடிந்து ஒரு வாரம்போல ஆனதும், ஒரோமோ மக்களின் இர்ரீச்சா. ஒரோமோக்களுக்கு இந்த ஊர் ஃபின்ஃபின்னே. மெனெலிக் வருவதற்கு முன்னிருந்தே தங்கள் மண் என்பது அவர்கள் நிலைப்பாடு. மழையைத் தந்து காத்த இறைவனான வாகாவுக்கு, ஈரப் புல்லையும் மஞ்சள் பூவையும் நீரில் நனைத்து நன்றி சொல்லும் விழா இது. பல தலைமுறைகளாக நகரத்துக்கு வெளியே பிஷோஃப்து ஏரிக்கரையில் நடந்துவந்தது. 2016இல் அங்கே அரசுக்கெதிரான முழக்கம் எழ, காவலர்கள் கண்ணீர்ப்புகை வீச, நெரிசலில் பலர் இறந்தார்கள். 2019 அக்டோபரில், சுமார் 150 ஆண்டுகளுக்குப் பிறகு முதன்முறையாக என்ற அறிவிப்போடு, தலைநகருக்குள்ளேயே இர்ரீச்சா திரும்பியது. இடம், மெஸ்கெல் சதுக்கத்துக்கு நடந்துபோகும் தூரம். சனிக்கிழமை நகரத்தில், மறுநாள் பிஷோஃப்துவில் என்பது இப்போதைய வழக்கம்.

பத்து நாள் இடைவெளியில் கிட்டத்தட்ட ஒரே இடத்தில், ஒரே பூவோடு, இரண்டு விழாக்கள். இரண்டையும் பார்க்கும் வாய்ப்புள்ளவர் அதை விடக்கூடாது. ஒன்றில் நெதேலா எனப்படும் வெள்ளைப் பருத்திச் சால்வையும் சிலுவையும். இன்னொன்றில் கறுப்பு, சிவப்பு, வெள்ளை ஒரோமோ நிறங்கள், மணிகள், குதிரைகள். இந்த ஊர் யாருடையது என்ற கேள்விக்கு எத்தியோப்பியர்கள் நாடாளுமன்றத்தில் பேசுவதைவிட இங்கே தெளிவாகப் பேசுகிறார்கள் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. ஆனால் அந்தப் பேச்சில் கலந்துகொள்வது பயணியின் வேலையல்ல. எந்தக் கொடியைக் கையில் வாங்குகிறோம், எந்தச் சட்டையை அணிகிறோம் என்பதில் கவனம் தேவை. அங்கே கொடியின் வடிவம்கூட அரசியல்.

தாபோட் தெருவில் வரும் நாள்

ஜனவரியின் திம்கத், இயேசுவின் திருமுழுக்கைக் கொண்டாடும் நாள். ஒவ்வொரு ஆர்த்தடாக்ஸ் தேவாலயத்தின் கருவறையிலும் தாபோட் என்ற புனிதப் பலகை ஒன்று இருக்கும். மோசேயின் உடன்படிக்கைப் பேழையின் சாயல் என்பது நம்பிக்கை. அது இருப்பதால்தான் கட்டடம் கோயிலாகிறது. ஆண்டு முழுதும் குருமார் தவிர யார் கண்ணுக்கும் படாத அது, கெடெரா எனப்படும் முந்தைய நாள் பிற்பகலில், பொன்னிழைப் பட்டால் போர்த்தப்பட்டு, ஒரு குருவின் தலைமேல் ஏறி வெளியே வரும். சுற்றிலும் ஜரிகை வேலை செய்த வெல்வெட் குடைகள். பெண்கள் நாக்கைச் சுழற்றி எழுப்பும் குலவை ஒலி தெருவை நிறைக்கும். துணியால் மூடியிருந்தாலும் தாபோட் கடக்கும்போது தலையைத் தாழ்த்துவார்கள். முன்னால் வட்டார இளைஞர்கள் ஒரே மாதிரி டீ-ஷர்ட் போட்டுக்கொண்டு சிவப்புக் கம்பளத்தை விரித்துக்கொண்டே ஓடுவார்கள்; ஊர்வலம் கடந்ததும் பின்னால் சுருட்டி, தூக்கிக்கொண்டு மறுபடி முன்னால் ஓடி விரிப்பார்கள். கிலோமீட்டர் கணக்கில் இப்படி. தாபோட்டைத் தலையில் சுமப்பவர் வெறுந்தரையில் நடக்கக்கூடாது என்பதற்காக.

பல தேவாலயங்களின் தாபோட்கள் நகரின் வடக்கே ஜான் மேடா என்ற பெரிய மைதானத்தில் வந்து சேரும். அரசர் காலத்தில் படை அணிவகுப்புக்கும் குதிரைப் பந்தயத்துக்கும் இருந்த இடம். இரவெல்லாம் கூடாரங்களில் பிரார்த்தனை நடக்கும். விடிந்ததும் நீர்த்தொட்டியை ஆசீர்வதித்து, குழாய் வைத்துக் கூட்டத்தின்மேல் பீய்ச்சுவார்கள். பக்தியும் கும்மாளமும் பிரித்தறிய முடியாமல் கலந்திருக்கும் நேரம் அது. நனையத் தயாராகப் போங்கள். கேமராவை உறைபோட்டு வையுங்கள். இளைஞர்கள் தங்களுக்குப் பிடித்த பெண்ணின் மார்பில் எலுமிச்சம்பழம் எறிந்து விருப்பத்தைச் சொல்வது பழைய வழக்கம், இன்றும் பழம் விற்பவர்களைப் பார்க்கலாம். பிற்பகலில் தாபோட்கள் ஆடிப்பாடித் தத்தம் கோயில் திரும்பும். புனித மிக்கேல் கோயிலுடையது மட்டும் ஒரு நாள் தங்கி மறுநாள் போகும்.

திம்கத்துக்கு கோண்டர் நகரத்தின் பழைய அரசக் குளத்தைத்தான் எல்லோரும் பரிந்துரைப்பார்கள். அழகு அங்கேதான், மறுக்கவில்லை. ஆனால் 2023 முதல் அம்ஹாரா பகுதியில் நடக்கும் ஆயுத மோதலால் பல நாடுகள் அங்கே போகவேண்டாம் என்று எச்சரித்திருக்கின்றன. தலைநகரின் திம்கத் சுற்றுலாக்காரர் குறைவான, உள்ளூர்க்காரர் நிறைந்த விழா. எனக்கு அது குறையாகத் தெரியவில்லை.

எந்த விழாவானாலும் வெள்ளை உடை பொருத்தம். எண்டோட்டோவுக்குப் போகும் வழியில் ஷிரோ மேடா கடைத்தெருவில் கைத்தறி நெதேலாவை வாங்கிக்கொள்ளலாம். பேரம் உண்டு. 2024 ஜூலையில் பிர் நாணயத்தின் மதிப்பைச் சந்தையிடம் விட்டபின் விலைகள் ஏறிவிட்டன, பழைய பயணக் குறிப்புகளில் இருக்கும் விலையைச் சொல்லி வாதாடினால் கடைக்காரர் சிரிப்பார்.

பெரிய விழா எதுவும் இல்லாத வாரத்தில் போனாலும் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதில்லை. ஒவ்வொரு மாதமும் 12ஆம் தேதி மிக்கேலுக்கு, 19 கப்ரியேலுக்கு, 21 மரியாளுக்கு, 27 மெதானே ஆலெம் எனப்படும் உலக மீட்பருக்கு. எல்லாம் அவர்கள் தேதிப்படி. அன்று அந்தந்தப் பெயர்கொண்ட கோயிலைச் சுற்றி மெழுகுவர்த்தி, குடை, தூபம் விற்கும் கடைகள் முளைத்து, போக்குவரத்து நின்றுவிடும். அதிகாலை ஒலிபெருக்கிப் பாட்டு உங்களை எழுப்பிவிடும். ஹோட்டல் எடுக்கும்போது பக்கத்தில் கோயில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் 19இல் பூஹே: பையன்கள் கோலைத் தரையில் தட்டி "ஹோயா ஹோயே" என்று பாடிக்கொண்டு வீடு வீடாக வர, வீட்டுக்காரர்கள் முல்முல் என்ற ரொட்டி கொடுப்பார்கள், இப்போது காசும். மூன்று வாரம் கழித்துப் புத்தாண்டில் பெண்பிள்ளைகளின் முறை. மஞ்சள் பூங்கொத்தோடு பாடி வருவார்கள். இடையில் பகுமே 3ஆம் நாள் தேவதூதர் ரஃபேலின் மழை பெய்தால் குழந்தைகள் வேண்டுமென்றே அதில் நனைவார்கள், புனித நீர் என்று.

பண்டிகை நாளா இல்லையா என்பதைத் தரையைப் பார்த்தே சொல்லிவிடலாம். வீட்டிலும் ஹோட்டல் வரவேற்பறையிலும் பச்சைப் புல்லைப் பரப்பியிருந்தால் பண்டிகை. அந்தப் புல்லின் மேல் முக்காலி போட்டு, பச்சைக் கொட்டையை வறுத்து, சாம்பிராணிப் புகையில், ஜெபெனா என்ற கறுப்பு மண்கூஜாவில் காபி காய்ச்சுவார்கள். அபோல், தோனா, பெரெக்கா என மூன்று சுற்று. கடைசிச் சுற்றுதான் ஆசி என்பதால் முதல் கோப்பையோடு எழுந்து போவது அழகல்ல. அதற்கு நேரமில்லாதவர்களுக்கு நகரம் வேறு வழி வைத்திருக்கிறது. 1936 முதல் 1941 வரை ஆக்கிரமித்திருந்த இத்தாலியர் விட்டுப்போன மக்கியாட்டோ, பியாசா பகுதியில் 1953 முதல் இயங்கும் தொமோக்கா போன்ற கடைகளில் நின்றுகொண்டே குடிக்கக் கிடைக்கும்.

பியாசா என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். மெனெலிக்கின் சிலையும் புனித ஜார்ஜ் தேவாலயமும் அங்கேதான். 1896இல் அத்வாவில் இத்தாலியப் படையை முறியடித்ததன் நினைவுநாள், மார்ச் 2, அந்தச் சிலையைச் சுற்றித்தான் கொண்டாடப்பட்டுவந்தது. ஈட்டி, கேடயம், சிங்கப் பிடரித் தலையணி என்று போர்வீரர் வேடத்தில் முதியவர்கள் வருவார்கள். 2023இல் அரசு விழாவை மெஸ்கெல் சதுக்கத்துக்கு மாற்றியபோது, வழக்கம்போலச் சிலையருகே கூடியவர்கள்மேல் கண்ணீர்ப்புகை பாய்ந்தது. அடுத்த ஆண்டு பியாசாவிலேயே பிரம்மாண்டமான அத்வா நினைவகத்தைத் திறந்தார்கள். அதே மாதங்களில் சாலை விரிவாக்கத் திட்டத்துக்காகப் பழைய பியாசாவின் பெரும்பகுதியை இடித்தார்கள். பிறகு கசாஞ்சிஸ் பகுதியையும். கசாஞ்சிஸ், அஸ்மாரிப் பாடகர்களுக்குப் பேர்போன இடம். ஒற்றை நரம்பு மசின்கோவை வாசித்துக்கொண்டு வாடிக்கையாளரைப் பற்றி அந்த நிமிடமே கவிகட்டி, புகழ்ச்சிக்குள் கேலியை ஒளித்துப் பாடுவார்கள். மேலே மெழுகு, உள்ளே பொன் என்று அந்த உத்திக்குப் பெயர். நம் சிலேடைக்கு உறவு. மொழி புரியாத வெளிநாட்டார்தான் அவர்களுக்குக் கொண்டாட்டம். அரங்கமே சிரித்தால் பாட்டு உங்களைப் பற்றியதுதான். இடிப்புக்குப் பின் இத்தகைய இடங்கள் கலைந்து வெவ்வேறு பகுதிகளுக்குப் போய்விட்டதால், பழைய வழிகாட்டி நூலின் முகவரியை நம்பாமல் உள்ளூரில் விசாரித்துப் போவது உத்தமம்.

தமிழருக்கு இங்கே பழகுவதில் ஒரு சின்ன அனுகூலம் உண்டு. எத்தியோப்பியர்களுக்கும் குடும்பப் பெயர் கிடையாது. சொந்தப் பெயர், பின்னால் அப்பா பெயர், அவ்வளவுதான். விண்ணப்பப் படிவத்தில் "சர்நேம்" என்ற கட்டத்தைப் பார்த்து விழிக்கும் கஷ்டம் அவர்களுக்கும் தெரியும். மரியாதைக்கு அத்தோ (திரு), வெய்ஸெரோ (திருமதி) என்று முன்னால் சேர்த்து முதல் பெயரைத்தான் சொல்வார்கள். நீங்கள் இந்தியர் என்று தெரிந்ததும் வயதானவர் யாராவது தன் பள்ளிக்கூடத்து இந்திய ஆசிரியரைப் பற்றிப் பேச ஆரம்பிக்கலாம். ஹைலே செலாசி காலம் தொடங்கிப் பெரும் எண்ணிக்கையில் நம் ஆசிரியர்கள் அங்கே போய்க் கணக்கும் அறிவியலும் கற்பித்தார்கள்.

சரி, எப்போது போவது? ஒரே ஒருமுறைதான் முடியும் என்றால் இரண்டு சாளரங்கள். செப்டம்பர் 24 முதல் அக்டோபர் முதல் வார இறுதி வரை இருந்தால் மெஸ்கெலும் இர்ரீச்சாவும் கிடைக்கும். மாலையில் மழை எட்டிப்பார்க்கலாம். ஜனவரி 6 முதல் 20 வரை இருந்தால் ஏழாம் தேதி கென்னா எனப்படும் கிறிஸ்துமஸ், அதையடுத்துக் கல்யாண சீசன், பிறகு திம்கத். வானம் தெளிவாக இருக்கும், இரவில் ஸ்வெட்டர் வேண்டும். பிப்ரவரியைத் தவிர்த்துவிடுங்கள். ஆப்பிரிக்க ஒன்றியத்தின் உச்சிமாநாட்டுக்கு நாட்டுத் தலைவர்கள் வந்து இறங்குவார்கள், ஹோட்டல் வாடகை எகிறும், விமான நிலையச் சாலையை நினைத்த நேரத்தில் மூடுவார்கள்.